வாசிக்காமல் விட்ட சுழி

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், என் செல்லங்களே. பாயில் இடம் இருக்கிறது. கால் நோகிறவர்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு கடதாசியின் கதை சொல்லப் போகிறேன். அந்தக் கடதாசி இருந்த மேசையை விட்டு ஓர் அங்குலம் அசையவில்லை. ஆனால் முட்கம்பி வேலியைத் தாண்டி, பூட்டின வாசலைத் தாண்டி, கப்பல் ஏறுகிற இடம்வரை போய்ச் சேர்ந்தது. ஐம்பது நிமிஷத்துக்குள் நடந்த கதை. சிரிக்காதீர்கள். முழுதும் கேட்டுவிட்டுச் சிரிக்கலாம்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, பங்குனி மாதம். யாழ்ப்பாணம் போகிற தரைப்பாதை முந்திய ஆவணியில் பூட்டப்பட்டதுதான், பிறகு திறக்கவே இல்லை. சண்டை மூண்டுவிட்டது. திருகோணமலையில் இருந்து கப்பலால் போவது ஒன்றுதான் வழி. அந்தக் கப்பலும் எப்போது வரும், வந்தால் எத்தனை பேரை ஏற்றும், அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்படி அந்தரித்து நின்றவர்களில் ஒருத்தி புஷ்பவதி. இறக்கக்கண்டிக் கடற்கரையில் பிறந்து, பருத்தித்துறையில் வாழ்க்கைப்பட்டவள். ஆவணியில் தாய் செத்துப்போன செய்தி கேட்டு, எட்டு மாதக் கைக்குழந்தையைப் புருஷனிடமும் மாமியிடமும் கொடுத்துவிட்டு ஓடி வந்தாள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று இரண்டு சேலையோடு வந்தவள். மூன்றாம் நாள் பாதை பூட்டிவிட்டது. இப்போது ஏழு மாதம். பிள்ளை தவழ்ந்து, எழும்பி, நடக்கவும் தொடங்கிவிட்டது. அதெல்லாம் அவளுக்குத் தொலைபேசிக்குள் கேட்ட செய்தி. "அம்மா எங்கை?" என்று கேட்டால் பிள்ளை கைத்தொலைபேசியைத் தொட்டுக் காட்டுகிறதாம். அதற்கு அம்மா என்றால் அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டிதான். புருஷன் இதைச் சிரிப்பாகத்தான் சொன்னான். இவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கப்பல் ஏறுவதற்குப் படமும் முத்திரையும் உள்ள அனுமதிக் கடிதம் வேண்டும். எல்லோருக்கும் வந்தது, அவளுக்கு வரவில்லை. அன்று காலையும் வரவில்லை. என்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசல் பூட்டுவதற்கு முன்னால் உள்ளே போய் நின்றாள். காய்ச்சல் என்று ஒரு பெரியவர் வராமல் விட்டதால், கப்பலில் ஒரே ஒரு இடம் காலியாக இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

இனி இடத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்குக் கதை கண்ணில் தெரியும். துறைமுகப் பக்கம் ஒரு பழைய களஞ்சியம். அதன் மேல்மாடியில் பயணிகளுக்கு உதவி செய்கிற சின்ன அலுவலகம். கீழே முட்கம்பி வேலி, ஒரு இரும்பு வாசல். வாசலுக்கு அப்பால் கடலோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. கப்பல் நாளில் ஒன்பது மணிக்கு அந்த வாசலைப் பூட்டினால் கப்பல் போகும்வரை ஆளும் போகக்கூடாது, கடதாசியும் போகக்கூடாது. சட்டைப் பையில் விரலளவு பொருள் வைத்திருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். வேலிக்கு மேலால் போனவை இரண்டே இரண்டு. ஒன்று உள்தொலைபேசிக் கம்பி. மற்றது ஞானசேகரம் இழுத்த கணினிக் கம்பி.

இந்த ஞானசேகரம் கட்டைபறிச்சான் என்கிற ஊர் ஆள். சுனாமியில் கடலடித்த பிறகு யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய கணினிகள் மூன்றைத் தூசி தட்டி உயிர் கொடுத்தவர். அதில் பெரியதற்கு 'கடல்' என்று பெயர் வைத்து மேல்மாடியில் வைத்தார். இரண்டாவது மேல்மாடியில் கோப்புகளைப் பார்க்கிற இரத்தினேஸ்வரியின் மேசையில். மூன்றாவது கீழே கொட்டகையில், மூதூரிலிருந்து வந்து வேலை செய்கிற ஸாலிஹாவின் மேசையில். இரண்டு கிழமைக்கு முன்னால் இருவரையும் கூப்பிட்டு வைத்து விளங்கப்படுத்தினார்.

"இன்ரநெற்றில விலாசம் அடிச்சால் பக்கம் வருதெல்லே? அதே மாதிரித்தான். 'கடல்'ல கிடக்கிற ஒவ்வொரு கடதாசிக்கும் ஒரு விலாசம். அதைக் கீழ இருந்து அடிச்சால் அங்க தெரியும்."

"அப்ப கடதாசி கீழ போயிடுமோ?" என்று இரத்தினேஸ்வரி கேட்டாள். இருபது வருஷம் கோப்புத் தூக்கின கை. அவளுக்கு வயது நாற்பத்தெட்டு.

"போகாது. இஞ்சயே கிடக்கும். அங்கயும் தெரியும்."

"எங்கட கோணேசர் சாமி மாதிரி, ஒரு இடத்தில இருந்துகொண்டு எங்கயும் தெரியும் எண்டு சொல்லுறியள்."

"அக்கா, அவரைப் பாக்க மலை ஏறவேணும்," என்று ஸாலிஹா சிரித்தாள். "இதுக்கு விரல் மட்டும் இரிந்தாக் காணும்."

ஞானசேகரம் வெள்ளைக் கடதாசியில் எழுதிக் காட்டினார். முதலில் எஸ், எம், பி என்று மூன்று எழுத்து, எந்த வழியால் போகிறோம் என்று சொல்வதற்கு. பிறகு இரண்டு புள்ளி, இரண்டு சரிவுக்கோடு. பிறகு இங்கிலிஸ் எழுத்தில் 'கடல்'. பிறகு 'பயணம்' என்ற பெரிய அறை. அதற்குள் ஒவ்வொரு அறையாகப் போய்க் கடைசியில் கடதாசியின் இலக்கம்.

"ஒவ்வொரு சரிவுக்கோடும் ஒரு வாசல்," என்றார். "ஒரு வாசலை விட்டிட்டு அடுத்ததுக்குள்ள போக ஏலாது. அதோட, உள்ளுக்குள்ள என்னென்ன அறை இருக்கெண்டு வெளியில நிக்கிறவைக்குக் காட்டாது. மற்றவையின்ர கடிதங்கள் எல்லே? முழு விலாசம் தெரிஞ்சவைக்குத்தான் கதவு திறக்கும்."

கீழே ஓடிப்போன ஸாலிஹா முதல் விலாசத்தை அடித்தாள். மேல்மாடியில் இருந்த கடிதம் கீழே மலர்ந்தது. "வந்திட்டு! அல்லாவே, வந்திட்டு!" என்று அவள் போட்ட சத்தத்தில், வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த மான் இரண்டு பாய்ந்து ஓடின. இரத்தினேஸ்வரி யன்னலால் எட்டிப் பார்த்துக் கை தட்டினாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டுப் போலவே இருந்தது.

சரி, கப்பல் நாளுக்கு வருவோம். ஞானசேகரம் கொழும்பில், ஏதோ சாமான் வாங்கப் போய்விட்டார். மேல்மாடியில் இரத்தினேஸ்வரி தனிய. மற்றவர்கள் எல்லோரும் வாசல் பூட்டுமுன் கீழே இறங்கிவிட்டார்கள். கப்பல் நாள் என்பதால் கைத்தொலைபேசிகளும் வெளி இணையமும் வேலை செய்யவில்லை.

ஒன்பது பத்துக்குத் தொலைநகல் இயந்திரம் கிறீச்சிட்டது. இரத்தினேஸ்வரி எட்டிப் பார்த்தாள். மெல்ல மெல்ல முத்திரை வந்தது. பெயர் வந்தது. புஷ்பவதி!

அவள் உள்தொலைபேசியைத் தூக்கின வேகத்தில் தேநீர்க் கோப்பை உருண்டது.

"ஸாலிஹா! வந்திட்டுது பிள்ளை! புஷ்பவதியின்ர கடிதம் வந்திட்டுது!"

"ஆர்ர?"

"இறக்கக்கண்டிப் பிள்ளை. அங்கதானே நிக்கிறா?"

ஸாலிஹா திரும்பினாள். கொட்டகை வாங்குப் பலகையின் நுனியில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள் தன் பெயர் கேட்டு எழும்பிவிட்டாள். பை கீழே விழுந்தது.

பட்டியல் பார்க்கிறவர் ஜவாஹிர். நேர்மையான மனிதர், ஆனால் கண்ணால் காணாமல் கையெழுத்து வைக்காதவர். அவர் சுவர் மணிக்கூட்டைக் காட்டினார்.

"பத்துக்குப் பட்டியல் மூடுற. வாயால சொன்னாச் சரிவராது. முத்திரையும் படமும் நான் பாக்கோணும்."

"பாப்பீங்க சேர், இந்தக் கண்ணாடியில பாப்பீங்க," என்று ஸாலிஹா கணினியைத் தட்டிக் காட்டினாள். "ரெண்டு நிமிஷம்."

மேலே இரத்தினேஸ்வரி கடிதத்தை ஸ்கேனர் கண்ணாடியில் குப்புற வைத்துப் படமெடுத்தாள். காலைப் பட்டியலின் அறை மூடியாகிவிட்டது. இது பிந்தி வந்த கடிதம், ஆகவே புது அறை திறக்க வேண்டும். இருபது வருஷமாக ஒவ்வொரு புதுக் கொப்பியையும் எப்படித் தொடங்கினாளோ, அப்படியே தொடங்கினாள். பிள்ளையார் சுழி போட்டாள். அவளுடைய கணினியில் தமிழ் எழுத்து இருந்தது, அதனால் 'உ' என்று ஒரே தட்டு. அறையின் பெயரைப் பிறகு வைப்போம் என்று நினைத்தாள். அவசரத்தில் அந்தச் சுழியே அறையின் பெயராக நின்றுவிட்டது. அதற்குள் கடிதத்தை ஒன்றாம் இலக்கமாக வைத்தாள். விலாசம் இப்படி நின்றது:

smb://kadal/payanam/உ/01.jpg

கையெழுத்தில் பிழை வரக்கூடாது என்று அந்த விலாசத்தைத் திரையிலேயே பிரதி எடுத்து இன்னொரு பக்கத்தில் ஒட்டிப் பார்த்தாள். சுழி நின்ற இடத்தில் ஏதோ கோழி கிண்டின மாதிரி விழுந்தது. %E0%AE%89 என்று.

"சீ! பிள்ளையாரைக் கெடுத்துப்போட்டுது," என்று வாய்விட்டே சொன்னாள். அந்தப் பக்கத்தை அப்படியே ஒதுக்கிவிட்டு, துண்டுக் கடதாசியில் கையால் எழுதினாள். சுழி இருக்க வேண்டிய இடம் வரியின் நடுவோ? இல்லையே! கடதாசியின் தலையில் எல்லோ! மேலே நடுவில் வடிவாக 'உ' போட்டாள். கீழே விலாசத்தை எழுதினாள், சுழி இல்லாமல். கை தன் பாட்டில் செய்த வேலை அது, கண்ணுகளா. அவளுக்குத் தான் ஒன்றை இடம் மாற்றினேன் என்றே தெரியாது.

"எழுது பிள்ளை. எஸ், எம், பி. ரெண்டு புள்ளி. ரெண்டு சரிவுக்கோடு. கடல். சரிவுக்கோடு. பயணம். சரிவுக்கோடு. சைபர் ஒண்டு..."

ஸாலிஹா தன் கொப்பியில் எழுதினாள், பிறகு அடித்தாள். கொட்டகையில் நின்ற அத்தனை பேரும் கழுத்தை நீட்டினார்கள்.

அப்படி ஒன்று இல்லை என்றது கணினி.

"இல்லையாம் அக்கா."

"என்ன இல்லையாம்? என்ர கண்ணுக்கு முன்னால கிடக்கு!"

"உங்கட கண்ணுக்கு முன்னால கிடந்து என்ன? சேர்ர கண்ணுக்கு முன்னால வரோணும்."

மறுபடி வாசித்தாள். மறுபடி அடித்தாள். இல்லை. ஒன்பது முப்பத்தைந்து. ஸாலிஹா காலையில் திறந்த கடிதம் ஒன்றை அடித்துப் பார்த்தாள், அது பளிச்சென்று வந்தது. கம்பியில் பிழை இல்லை. 'கடல்' விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. இது ஒன்றுதான் வரமாட்டேன் என்கிறது.

கப்பல் ஒருமுறை ஊதியது.

புஷ்பவதி அழவில்லை. அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து, இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கப்பலையே ஏழு மாதம் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றவள்போல.

"தங்கச்சி, பிள்ளை எனக்கு நடந்து காட்டவேணும்," என்றாள். "அவ்வளவுதான். வேற ஒண்டும் வேண்டாம்."

ஸாலிஹா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தொலைபேசியைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் செருகினாள்.

"இரத்தினேஸ் அக்கா, இப்ப நான் வாசிக்கிறன். நான் எழுதினதும் நீங்க எழுதினதும் ஒண்டோ எண்டு பாருங்க."

"வாசி. முழுசா வாசி. மேலயிருந்து கீழவரை ஒண்டும் விடாமல் வாசி."

ஸாலிஹா வாசித்தாள். எஸ், எம், பி என்று தொடங்கி, சைபர் ஒன்று, புள்ளி, ஜே, பி, ஜி என்று முடித்தாள்.

"சரி. அச்சொட்டா அதேதான்," என்றாள் மேலே இருந்தவள்.

அப்போதுதான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்ற புஷ்பவதி கொப்பியில் விரலை வைத்தாள். பக்கத்தின் தலையில், நடுவில், மூன்று இலக்கம் இருந்தது.

"ஒண்டும் விடாமல் வாசி எண்டுதானே அவ சொன்னவ? மேல இருக்கிற இந்த எழுநூற்றி எண்பத்தாறை நீங்கள் வாசிக்கேல்லையே தங்கச்சி?"

"அது வாசிக்கிறதில்ல அக்கா," என்றாள் ஸாலிஹா, கண்ணைக் கணினியிலிருந்து எடுக்காமல். "அது பிஸ்மிக்கு, அல்லாட பேரால தொடங்கப் போடுற. எந்தப் பக்கம் தொடங்கினாலும் போடுற. உங்கட ஆக்கள் சுழி போ..."

நின்றுவிட்டாள்.

பிறகு அவள் கத்தின கத்து இருக்கிறதே, ஜவாஹிரின் பேனை கீழே விழுந்தது.

"இரத்தினேஸ் அக்கா! உங்கட கடதாசியில மேல என்ன போட்டிரிக்கிறீங்க?"

"மேலயோ? மேல ஒண்டும் இல்லை. பிள்ளையார் சுழிதான்."

"அந்தச் சுழி கடதாசியில மட்டுமோ? கணினிக்குள்ளயும் போட்டீங்களோ?"

மேல்மாடியில் இரத்தினேஸ்வரி துண்டைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பயணம், சரிவுக்கோடு, சுழி, சரிவுக்கோடு. ஒவ்வொரு சரிவுக்கோடும் ஒரு வாசல் என்று ஞானசேகரம் சொன்னது காதில் மணி அடித்தது. ஒரு வாசலில் பிள்ளையாரை வைத்துவிட்டு, அவரைக் கும்பிடாமல் எல்லோரையும் உள்ளே போகச் சொல்லியிருக்கிறாள்!

"ஐயோ பிள்ளை! அறையின்ர பேரே அவர்தான்!"

"எத்தின மணி?" என்று ஸாலிஹா கேட்டாள்.

"ஒன்பது நாற்பத்தாறு," என்றார் ஜவாஹிர். அவரும் இப்போது எழும்பி நின்றார்.

"அப்ப அந்தப் பேரை அழிச்சிட்டு வேற பேர் வைக்கட்டோ?" என்று மேலே இருந்து கேட்டாள் இரத்தினேஸ்வரி. கேட்டுவிட்டு, கை விசைப்பலகையிலேயே நின்றது. போட்ட சுழியை அழிக்கிறதோ? ஒரு தாய் பிள்ளையைப் பார்க்கப் போகிற நாளிலோ? அவள் மூச்சு ஸாலிஹாவுக்குத் தொலைபேசியில் கேட்டது.

"வேணாம் அக்கா," என்றாள் ஸாலிஹா. "அழிக்காதீங்க. என்ர எழுநூத்தி எண்பத்தாறை நான் அழிப்பனோ? அவர் இரிக்கட்டும். ஆனா என்ர கணினியில தமிழ் எழுத்து இல்லையே, நான் எப்பிடி அடிக்கிற?"

"உன்னட்டை இங்கிலிஸ் மட்டும்தானோ?"

"இங்கிலிசும் இலக்கமும்."

இரத்தினேஸ்வரிக்கு உடம்பு சிலிர்த்தது. இங்கிலிசும் இலக்கமும்! கோழி கிண்டின மாதிரி விழுந்ததே! ஒதுக்கிவைத்த பக்கத்தை மறுபடி திறந்தாள். அங்கே அது அப்படியே காத்துக்கொண்டு இருந்தது. கணினி பிள்ளையாரைக் கெடுக்கவில்லை, தமிழ் தெரியாத கணினிக்கும் விளங்கும்படி அவரை வேறு உடுப்பில் அனுப்பியிருக்கிறது.

"எழுது பிள்ளை! பயணம், சரிவுக்கோடு, அதுக்குப் பிறகு பேர்சன்ட் அடையாளம்."

"என்ன அடையாளம்?"

"பேர்சன்ட்! நூற்றுக்கு இத்தினை எண்டு போடுவமே, ரெண்டு வட்டமும் ஒரு கோடும். அது. பிறகு ஈ, சைபர். திரும்பப் பேர்சன்ட். ஏ, ஈ. திரும்பப் பேர்சன்ட்."

"இதென்ன அக்கா, உங்கட பிள்ளையார் மூணு தரம் பேர்சன்ட் கேக்கிறார்? யாவாரம் தொடங்கிட்டாரோ?"

"வாயைப் பொத்திக்கொண்டு அடி! எட்டு. ஒன்பது. சரிவுக்கோடு. சைபர் ஒண்டு..."

ஸாலிஹா ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லிச் சொல்லி அடித்தாள். வரிசையில் நின்றவர்களும் அவளோடு சேர்ந்து சொல்லத் தொடங்கிவிட்டார்கள். "எட்டு! ஒன்பது! சரிவுக்கோடு!" ஒரு ஐயர் நின்றார், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நின்றார், மீன்கூடைக்காரர் ஒருவர் நின்றார். எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள், என்னவென்று ஒருவருக்கும் தெரியாது.

கடைசி எழுத்து விழுந்தது. ஸாலிஹா "பிஸ்மில்லாஹ்" என்று பெரிய விசையைத் தட்டினாள்.

திரை வெள்ளையாயிற்று. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. பிறகு மேலிருந்து கீழாக, வரி வரியாக, முத்திரை வந்தது. எழுத்து வந்தது. கடைசியாக ஒரு நெற்றி, ஒரு மூக்கு, புஷ்பவதியின் முகம்.

கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. மேல்மாடி யன்னலில் இரத்தினேஸ்வரி ஒரு கையில் தொலைபேசியும் மறுகையில் கடிதமுமாக நின்று ஆட்டினாள். அந்தக் கடிதம் இன்னும் அவள் கையில்தான். ஆனால் ஜவாஹிர் அதைக் கீழே வாசித்துக்கொண்டிருந்தார்.

அவர் முத்திரையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். நேரே நின்றவளைப் பார்த்தார்.

"படத்தில கன்னம் இரிக்கி. இஞ்ச இல்லையே?"

"ஏழு மாசம் சேர்," என்றாள் ஸாலிஹா. "கன்னம் பருத்தித்துறையில நிக்கிது. அதை எடுக்கத்தான் போறா."

ஜவாஹிர் சிரித்தாரோ இல்லையோ, பேனை அசைந்தது. ஒன்பது ஐம்பத்தெட்டு. கடைசிப் பெயராகப் புஷ்பவதியின் பெயர் பட்டியலில் ஏறியது.

அவள் ஸாலிஹாவின் கையைப் பிடித்தாள். பிறகு அண்ணாந்து யன்னலைப் பார்த்துக் கும்பிட்டாள். மேலே இருந்து இரத்தினேஸ்வரி, "போ பிள்ளை, போ! கப்பல் உனக்காக நிக்காது!" என்று கத்தினாள். அப்படிக் கத்திக்கொண்டே சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

மூன்றாம் நாள் ஞானசேகரம் கொழும்பிலிருந்து வந்தார். நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். "அக்கா, நான் எத்தினை பூட்டுப் போட்டனான். சுழி ஒரு பூட்டாகுமெண்டு நினைக்கேல்லை," என்றார். அன்றே கொட்டகைக் கணினிக்கும் தமிழ் எழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதோடு 'பயணம்' அறைக்குள் சும்மா இரண்டு அறைகள் வைத்தார்கள். ஒன்று சுழி, மற்றது எழுநூற்று எண்பத்தாறு. புஷ்பவதியின் கடிதத்தையும் சுழியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள்; உள்ளே ஒன்றும் இல்லை, தொடக்கத்துக்கு மட்டும். கடிதங்களின் அறைகள் அவற்றுக்குப் பக்கத்தில், இலக்கம் போட்டு. விலாசம் எழுதுகிற துண்டின் தலையில் அவரவர் அவரவரின் அடையாளத்தைப் போட்டார்கள். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் அந்த அறைகளை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தபோதே அலுவலகத் தொலைபேசி அடித்தது. பருத்தித்துறை. இரத்தினேஸ்வரி ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டாள், ஸாலிஹாவும் கேட்கட்டும் என்று.

"அக்கா, நான் புஷ்பவதி. நான் வீட்டை வந்திட்டன்."

"பிள்ளை? பிள்ளை என்ன செய்தது?"

"வாசலில நான் வந்து நிண்டன். தகப்பன், 'அம்மா எங்கை?' எண்டு கேட்டார். அவன் அந்தப் போனைத் தொட்டுக் காட்டினான். நான், 'ராசா' எண்டு கூப்பிட்டன். போனைப் பாத்தான். என்ர வாயைப் பாத்தான். திரும்பப் போனைப் பாத்தான்..."

"பிறகு?" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"பிறகு போனைக் கீழ வைச்சிட்டு நடந்து வந்தான் அக்கா. ஏழு அடி. நான் எண்ணினனான்."

இவ்வளவுதான் கதை, என் செல்லங்களே. எழும்பிப் போகுமுன் கையை நீட்டுங்கள், தலையைத் தொட்டு அனுப்புகிறேன். உங்கள் வீட்டுக்கு வருகிற நல்ல செய்தி எந்த வாசலிலும் தடுக்கப்படாமல் வந்து சேரட்டும். வெளியே போனவர்கள் எல்லோரும் விளக்கு வைக்குமுன் வீடு திரும்பட்டும். உங்கள் குசினியில் அடுப்பு எரியட்டும், பானை பொங்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் முதல் அடி எடுத்து வைக்கும்போது, அதைப் பார்க்கத் தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இருக்கட்டும்.